சுவரை இடித்துவிட்டு வாருங்கள்

விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாளில், நீதிமன்ற வாசலில் வைத்து என் சட்டத்தரணி ஒரு விஷயத்தைச் சொன்னார். "இன்னையோட நீங்க ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டி இல்ல. ஆனா பேங்குக்கு நீங்க ரெண்டு பேரும் இன்னமும் ஒரே ஆளுதான்." அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. வீட்டுக் கடன் பத்திரத்தில் எங்கள் இருவரையும் கூட்டுக் கடனாளிகள் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடன் முடிய இன்னும் பதினொரு வருடம் இருந்தது. கல்யாணமே ஒன்பது வருடந்தான் தாக்குப்பிடித்திருந்தது.

அன்று நானும் என் முன்னாள் கணவரும் ஒரே பஸ்ஸில்தான் ஊருக்குத் திரும்பினோம். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், மழை வேறு. நான் சாரதிக்குப் பின்னால் உட்கார்ந்தேன், அவர் கடைசி இருக்கைக்குப் போனார். கொட்டகலையில் இறங்கி, பிரதான வீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் ஐம்பத்திரண்டு படிகளில் நான் முன்னே நடந்தேன். அவர் பத்துப் படி இடைவெளி விட்டு வந்தார். மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் சாவி அவரிடம் இருப்பது நினைவுக்கு வந்தது. அவர் வந்து திறக்கும்வரை மழையில் நின்றேன். கதவைத் திறந்து, ஒதுங்கி நின்று, "போங்க" என்றார். எனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஒன்பது வருடமாக என்னை 'நீ' என்று கூப்பிட்ட மனிதர், அன்றிலிருந்து 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

நான் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். அவர் அப்போது பஜாரில் இருக்கும் தபால் கந்தோரில் கவுன்டர் வேலையில் இருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிரிந்ததற்கு அதுதான் காரணம் என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் சொல்லும்படியான காரணம் எதுவும் இல்லை. அடி, குடி, இன்னொருத்தி என்று எதுவும் இல்லை. கடைசி நான்கு வருடம் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தோம், அவ்வளவுதான். ஒருநாள் நான் விவாகரத்து என்று சொன்னேன். அவர் சரி என்றார். அந்த நான்கு வருடத்தில் நாங்கள் பேசிய நீளமான உரையாடல் அதுதான்.

யாராவது ஒருவர் வீட்டை விட்டுப் போயிருக்கலாமே என்று இப்போது கேட்கிறார்கள். இருவருமே திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், லயம் என்ற வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். இரண்டு குடும்பத்திலும் மூன்று தலைமுறையில் யார் பெயரிலும் ஒரு துண்டு காணி இருந்ததில்லை. எங்கள் பெயரில் காணி உறுதி எழுதி வந்த நாளில் என் அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுவதும் பார்த்தார். தமிழில் எழுதியிருந்தது ஒரேயொரு பக்கம். அவருக்குத் தெரியாத சிங்களத்தில் இருந்த மற்றப் பக்கங்களையும் ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் மடித்துக் கொடுத்தார். அதை விட்டுவிட்டு நானும் போகமாட்டேன், அவரும் போகமாட்டார். விற்கவும் பார்த்தோம். வாங்க வந்த மூன்று பேரில் இரண்டு பேர் முப்பதாவது படியோடு திரும்பிவிட்டார்கள். மூன்றாமவர் மேலே வரை வந்து, பால் இல்லாத பிளேன்ட்டி குடித்து, நாங்கள் சேர்ந்து வாழ்வதுதான் நல்லது என்று புத்திமதி சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே ஹாலின் நடுவில் ஒரு சுவர் எழுப்பினோம். பஜாரில் எல்லோருக்கும் தெரிந்த மேசன் பாஸ் ஒருவர் புளொக் கல் வைத்து இரண்டே நாளில் கட்டி முடித்தார். முன்வாசலில் இரட்டைக் கதவு என்பதால் ஆளுக்கொரு கதவு கிடைத்தது. சமையலறை என் பக்கம் வந்தது, குளியலறை அவர் பக்கம் போனது. அவர் படுக்கையறையில் கேஸ் அடுப்பு வைத்துக்கொண்டார். எனக்குக் கொல்லைப்புறத்திலிருந்து குளியலறைக்கு இன்னொரு கதவு வெட்டிக் கொடுத்தார்கள். இப்போது அந்தச் சின்ன அறைக்கு இரண்டு கதவு, உள்ளே இரண்டு தாழ்ப்பாள். போகிறவர் மற்றவர் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போட வேண்டும், வரும்போது மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

ஒரு பாடசாலை விடுமுறை நாளில் அவர் எடுத்துவிட மறந்து வேலைக்குப் போய்விட்டார். ஒன்பது மணிவரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு படியிறங்கி, தபால் கந்தோருக்குப் போய், வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓய்வூதியம் எடுக்க வந்த நான்கு பேர். என்னைக் கண்டதும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது, ஆனால் வரிசையை மீறி ஒருவரைக் கவனிக்கிற ஆள் அவர் இல்லை. என் முறை வந்ததும் நான் மெதுவாக, "தாழ்ப்பா" என்றேன். அவர் வீட்டில் தன் பக்கத்துக் கதவின் சாவியைக் கம்பிக்கடியில் தள்ளிவிட்டு, "மன்னிச்சிக்கங்க" என்றார். எனக்குப் பின்னால் நின்ற பெண், நான் வாங்கியது எத்தனை ரூபாய் முத்திரை என்று கேட்டாள்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. கூரைப் பீலி ஒழுகுவது, தண்ணீர்த் தாங்கி கழுவுவது, கரண்ட் பில் பங்கு என்று வாரத்தில் இரண்டு முறையாவது பேச வேண்டியிருந்தது. கல்யாணத்தின் கடைசிக் காலத்தைவிட விவாகரத்துக்குப் பிறகுதான் நாங்கள் அதிகம் பேசினோம்.

பிறகு அவருக்கு அக்கரப்பத்தனைப் பக்கம் இடமாற்றம் வந்தது. அன்று பின்னேரம் என் கதவைத் தட்டி, வெளியிலேயே நின்று சொன்னார்.

"அங்க குவார்ட்டர்ஸ் குடுக்குறாங்க. வீட்ட நீங்களே எடுத்துக்கங்க."

"சும்மாவா?"

"சும்மா எதுக்கு. நான் கட்டுனத மெதுவா குடுங்க. மிச்சக் கடன உங்க பேருக்கு மாத்திக்கங்க. எனக்கு முழங்கால் வலிக்குது, இந்தப் படியெல்லாம் இனி ஏற முடியாது."

எனக்கும் அந்த வருடம் தர உயர்வு கிடைத்திருந்தது. கடனைத் தனியாகத் தாங்க முடியும் என்று தோன்றியது. இருவருமாக வங்கிக்குப் போனோம். கடன் பிரிவில் இருந்த அதிகாரி சின்னப் பெண், மிகவும் மரியாதையான பிள்ளை. கடனை ஒருவர் பெயருக்கு மாற்றலாம், ஆனால் கூட்டுக் கடனாளிகளில் ஒருவர் மற்றவருக்குத் தன் எண்ணத்தைப் பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும், மற்றவர் அதைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வேண்டும் என்றாள்.

"இவரு இங்கதான் உக்காந்திருக்காரு" என்றேன். "இப்பவே சொல்லிர்றேன்."

"வாயால சொன்னா ஏத்துக்க மாட்டாங்க டீச்சர். பதிவுத் தபால்தான்."

கடிதத்தை வீட்டில் எழுதி, மறுநாள் பாடசாலை விட்டதும் தபால் கந்தோருக்குப் போனேன். பதிவுத் தபால் எடுப்பதற்கு அங்கே அவர் ஒருவர்தான். கடிதத்தை வாங்கி, முகவரியை வாசித்து, தராசில் வைத்து நிறுத்தார்.

"அனுப்புறவங்க முகவரி பின்னால எழுதணும்" என்றார்.

"ரெண்டும் ஒரே முகவரிதானே."

"இருந்தாலும் எழுதணும்."

எழுதிக் கொடுத்தேன். முத்திரை ஒட்டி, பற்றுச்சீட்டு வெட்டித் தந்தார். அடுத்த நாள் தபால்காரர் அதை எடுத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு படியும் ஏறினார். பெறவேண்டியவர் வேலைக்குப் போயிருந்தார். நான் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, அனுப்பியவரே பெற முடியாது என்று சொல்லிவிட்டு, தபால் கந்தோரில் வந்து பெற்றுக்கொள்ளும்படி ஒரு துண்டை அவர் கதவில் செருகிவிட்டு இறங்கிப் போனார். மாலையில் என் முன்னாள் கணவர் அந்தத் துண்டை எடுத்துப் பத்திரப்படுத்தி, மறுநாள் காலை வேலைக்குப் போய், கவுன்டருக்கு வெளியே வந்து நின்று கையெழுத்துப் போட்டு, உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டார். வெளியே வந்து நின்றது தேவையா என்று நான் பிறகு கேட்டேன். "முறைன்னு ஒன்னு இருக்கில்ல" என்றார்.

அடுத்ததாக வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பியது. படியேறி வந்த களைப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அளவு நாடாவை எடுத்து அறை அறையாக அளந்தார். ஹாலுக்கு வந்ததும் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்தும் பார்த்தார்.

"இந்தச் செவுரு பிளேன்ல இல்லையே."

"பெறகு கட்டுனது சார்."

"அனுமதி எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. அவர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். வங்கி கடன் கொடுத்தது ஒரு ஹால் உள்ள ஒரு வீட்டுக்கு. இப்போது இங்கே இருப்பது அரை ஹால் உள்ள இரண்டு வீடு. இல்லாத ஒரு வீட்டின் கடனை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ஒன்று, சுவருக்குப் பிரதேச சபையில் அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு இருவரும் ஒரே குடும்பமாக விண்ணப்பிக்க வேண்டும், ஆறேழு மாதம் போகும். "இல்லன்னா இடிச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க. ரெண்டு கெழமையில வர்றேன்."

"நாங்க விவாகரத்து ஆனவங்க சார்" என்று என் முன்னாள் கணவர் சொன்னார்.

"அது எனக்குத் தேவையில்ல அண்ணே. நான் கட்டடத்த மட்டுந்தான் பார்ப்பேன்."

வந்த வழியே படியிறங்கிப் போனார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முறையாகப் பிரிவதற்கு, முதலில் சேர்ந்திருந்து காட்ட வேண்டும்.

மேசன் பாஸைக் கூப்பிட்டபோது முதலில் வர மறுத்தார். "டீச்சர், நான் கட்டுன செவுத்த நானே இடிச்சா நாளைக்கு யாரு எனக்கு வேல குடுப்பா? செவுரு சரியில்லன்னுதானே பேசுவாங்க." கடைசியில், சேர்ந்து வாழ்வதற்காகத்தான் இடிப்பதென்றால் தனக்குச் சம்மதம் என்றார். நாங்கள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் நாங்கள் விட்ட பிழை. சனிக்கிழமை காலை சுத்தியலோடு வருவதற்கு முன் அவர் பஜாரில் மூன்று கடையில் தேநீர் குடித்திருக்கிறார்.

பத்து மணிக்கெல்லாம் பாதிச் சுவர் விழுந்துவிட்டது. என் முன்னாள் கணவர் கற்களை எடுத்துக் கொடுக்க, நான் வெளியே அடுக்கினேன். பதினொரு மணிக்கு ஹட்டனிலிருந்து என் அக்கா வந்து சேர்ந்தாள். கையில் ஒரு தாம்பாளம், அதில் வெற்றிலை, வாழைப்பழம், எனக்கு ஒரு சேலை, அவருக்கு ஒரு வேட்டி. மூச்சு வாங்கிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"ஒரு வார்த்த சொன்னீங்களா? நாங்க வேணாம்னா சொல்லப்போறோம்?"

"அக்கா, இது பேங்குக்காக இடிக்கிறது."

"பேங்குக்காகவாவது இடிச்சீங்களே" என்று தாம்பாளத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டார்.

அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே மேல்வீட்டுச் சிங்கள அம்மா ஒரு தட்டில் வாழையிலை விரித்து, நல்ல காரியத்துக்குச் செய்யும் கிரிபத் பால்சோற்றைக் கட்டையாக வெட்டி, லுணுமிரிஸ் மிளகாய்ச் சம்பலோடு கொண்டு வந்தார். சுவர் கட்டிய நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வருவதே இல்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது என்பார். இப்போது ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்துவிட்டு, "தென் ஹரி" என்றார். இப்போதுதான் சரி என்று அர்த்தம். எங்கள் இருவர் தலையையும் தொட்டு ஆசீர்வதித்தார். அந்த அம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லும் அளவுக்கு எனக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. என் முன்னாள் கணவரைப் பார்த்தேன். தலைமுடியெல்லாம் சீமெந்துத் தூளோடு, அவர் ஏற்கெனவே ஒரு துண்டு கிரிபத்தை வாயில் போட்டிருந்தார். அக்காவும் மேசன் பாஸும் நாங்களுமாக அடுக்கிய கல்லின் மேல் உட்கார்ந்து தட்டைக் காலி பண்ணினோம். லுணுமிரிஸ் நன்றாக உறைத்தது. பஜாரில் விஷயம் கேள்விப்பட்டு வந்தவர்களுக்கெல்லாம் நான் தேநீர் ஊற்றினேன். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பேர் அந்தப் படியேறி வந்ததில்லை, அப்போது வீடே இல்லை என்பது வேறு விஷயம்.

மதிப்பீட்டாளர் வரும்வரை இரண்டு வாரம் சுவர் இல்லாமல் இருக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு கயிறு கட்டி, படுக்கைவிரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டோம். மூன்றாம் நாள் பின்னேரம் அடைமழை. ஹாலின் நடுவில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டு நான் வாளியோடு வந்தேன், விரிப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவரும் ஒரு பேசினோடு வந்தார். கூரைத் தகரத்தின் பொருத்து சரியாகச் சுவர் இருந்த இடத்துக்கு மேல் விட்டிருந்தது. இரண்டு வருடமாக ஒழுக்குத் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கியிருக்கிறது, இருவரும் அடுத்தவர் பக்கத்து ஈரம் என்று நினைத்திருக்கிறோம். வாளியை வைத்துவிட்டு இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தோம்.

"நாம ஏன் பேசாமப் போனோம்?" என்று கேட்டேன்.

அவர் வாளியைச் சொட்டுக்கு நேராக நகர்த்தினார். "பேசுனா சண்ட வரும்னு இருந்தேன்."

"வந்திருந்தா என்ன?"

"எனக்குச் சண்ட போடத் தெரியாதுங்க. ஒங்களுக்கு நல்லாத் தெரியும்."

"எதுத்த ஆள் வாயத் தொறந்தாத்தானே நான் போட முடியும்."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டேன். ஒரு கோப்பை அவருக்கும் கொண்டுவந்து கொடுத்தேன். அதனால் எதுவும் மாறவில்லை. குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி விரிப்புக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போனார். அன்று எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது என்பது மட்டும் உண்மை. கோபம் இருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மதிப்பீட்டாளர் சொன்னபடி வந்தார். விரிப்பைத் தூக்கிப் பார்த்து, "சீலை கட்டடம் இல்ல. இருக்கட்டும்" என்று எழுதிக்கொண்டார். அவர் அறிக்கை வங்கிக்குப் போய்ச் சேர்ந்த அதே வாரம் என் முன்னாள் கணவர் அக்கரப்பத்தனைக்குப் போய்விட்டார். சாமான்களை மேசன் பாஸ்தான் ஆள் வைத்து இறக்கிக் கொடுத்தார். எங்கள் இருவரோடும் அவர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை, ஏமாற்றிவிட்டோம் என்ற வருத்தம்.

ஒரு மாதம் கழித்து வங்கியில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். அவரும் அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கூட்டுக் கடனிலிருந்து அவர் பெயரை நீக்கும் பத்திரங்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது அந்த அதிகாரிப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டீச்சர், இப்ப கடன் உங்க தனிப் பேருக்கு வருது. அதுக்கு அரசாங்க வேலையில இருக்கிற ஒருத்தர் பிணைக் கையெழுத்துப் போடணும்."

"யாரப் போடலாம்?"

"யாருன்னாலும் சரி. உறவுக்காரங்களா இல்லாட்டி இன்னும் நல்லது."

நான் என் பாடசாலையில் யாரைக் கேட்கலாம் என்று மனதுக்குள் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அவர் திரும்ப உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நான் போடலாமா?"

அந்தப் பெண் எங்கள் கோப்பைப் புரட்டினாள். மேலதிகாரியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "போடலாம் சார். சட்டப்படி நீங்க உறவு இல்ல." ஒரு படிவத்தை நீட்டினாள்.

கடனாளிக்கும் பிணையாளருக்கும் என்ன தொடர்பு என்ற இடத்தில் அவர் 'தெரிந்தவர்' என்று எழுதினார். எத்தனை வருடமாகத் தெரியும் என்ற இடத்தில் நிறுத்தி, "பன்னெண்டா, பதிமூணா?" என்று என்னைக் கேட்டார்.

"பதிமூணு போடுங்க."

போட்டார். கடனாளியின் நடத்தை பற்றிய பிணையாளரின் கருத்து என்று கடைசியில் இரண்டு கோடு விட்டிருந்தார்கள். அதற்குத்தான் நிறைய நேரம் எடுத்தார். எனக்குத் தெரியாமல் இருக்கக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். ஆனால் எழுதியதை இருவருக்கும் வாசித்துக் காட்டுவது வங்கியின் விதி. அந்தப் பெண் செய்தி வாசிப்பதுபோல வாசித்தாள்.

"நேர்மையானவர். சொன்னால் செய்வார். கோபம் வரும்." பிறகு தலையை நிமிர்த்தி, "சார், அந்தக் கடைசி வரிய எடுத்துரலாமா?" என்று கேட்டாள்.

"உண்மைய எழுதச் சொல்லித்தானே இருக்கு" என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"இருக்கட்டும் மகள்" என்றேன். அவள் முத்திரை குத்தி, கோப்பை மூடினாள். அக்கரப்பத்தனை பஸ் புறப்பட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அதைப் பிடிக்க அவர் வேகமாக நடந்தார்.